'திராவிடர்' என்னும் பெயரும் 'திரிசடை' என்னும் கலமும்

தோற்றுவாய்

ஒரு நூல் வெளிவந்தபின் அதனைப் பற்றி எழும் உரைகளும் மறுப்புரைகளும் அந்நூலின் வாழ்வைச் சேர்ந்தனவே ஆகும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை கண்டார். நச்சினார்க்கினியர் சில இடங்களில் அவரோடு உடன்பட்டும் சில இடங்களில் மாறுபட்டும் உரை வகுத்தார். அவ்வேறுபாடுகளே இன்று நமக்கு நூலின் அகத்தைத் திறந்து காட்டுகின்றன. இம்முறையினை இக்காலத்துப் புதுவகை ஆக்கம் ஒன்றின்மேல் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாக்கம், கணினியில் ஆடப்படும் போர் உத்தி விளையாட்டு ஆகும். விளையாட்டை ஆராயும் இடமா இது என்று வினவுவோர் இருக்கலாம். நம் மாணவர் சோழர் வரலாற்றை முதற்கண் கேட்கும் இடம் அதுவாக இருக்குமாயின், அதனை ஆராயாது விடுதல் நமக்குத் தகாது.

1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூசு ஃபூட் என்பார் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்நிகழ்ச்சியினின்றும் தொடங்குவதாகக் கொள்வர். அதே பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர்ப் பகுதிகளிலிருந்தும் வரும் மாணவருட் பலர், ஓய்வுப் பொழுதில் பண்டை அரசுகளைக் கணினித் திரையில் எழுப்பியும் அழித்தும் ஆடுகின்றனர். முதுகலை வகுப்பில் மெய்க்கீர்த்தி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவருள் ஒருவர் எழுந்து, "சோழர் போர்க்கலத்துக்குத் திரிசடை என்று பெயராமே, அஃது எந்நூலில் உள்ளது, ஐயா?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

விரிவாக்கத்தின் இயல்பு

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டு வரிசையின் முதற்பகுதி 1997இல் வெளிவந்தது. அது கற்காலத்தில் தொடங்கிப் பண்டைய உலகின் அரசுகளைப் பொருளாகக் கொண்டது. 1999இல் வந்த இரண்டாம் பகுதி இடைக்காலத்துக்கு நகர்ந்தது. அவ்விரண்டாம் பகுதியே இன்றளவும் மிகுதியாக ஆடப்படுவது. 2019இல் அது புதுப்பதிப்பும் பெற்றது. ஆடுவோர் ஓர் இனத்தைத் தெரிந்துகொண்டு, உழவரைக் கொண்டு உணவும் மரமும் பொன்னும் கல்லும் ஈட்டி, படை திரட்டி, மாற்றாரை வெல்லுதல் வேண்டும்.

இவ்விளையாட்டில் 2013ஆம் ஆண்டுவரை இந்தியாவுக்கு இடம் இல்லை. அவ்வாண்டில் வந்த விரிவாக்கம் சிலாவியர், மகியார், இத்தாலியர், இன்காக்கள் ஆகியோருடன் 'இந்தியர்' என்னும் ஒரே இனத்தைச் சேர்த்தது. இமயம் முதல் குமரி வரை வாழ்ந்த மக்கள் அனைவரும் அவ்வொரு பெயருள் அடங்கினர். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவாக்கம் இந்நிலையை மாற்றியது. 'இந்தியர்' என்ற பெயர் நீங்கிற்று. அவ்விடத்தில் 'இந்துத்தானியர்' வந்தனர். வங்காளர், கூர்சரர், திராவிடர் என்னும் மூவினத்தார் புதியராகச் சேர்க்கப்பட்டனர். பாபர், தேவபாலன், இராசேந்திர சோழன் ஆகிய மூவர் கதைகளும் ஆடத்தக்க தொடர்களாக அமைந்தன.

திராவிடர்க்கு வகுத்த இயல்புகள் கருதத்தக்கன. அவர்தம் படைவீரர் தமிழ் பேசுகின்றனர். மீனவர் மிகுதியான மீனைச் சுமந்து வருவர். காலாட்படைக் கொட்டிலிற் செய்யும் மேம்பாடுகளுக்குப் பாதி விலையே. ஒரு காலத்தினின்று அடுத்த காலத்துக்கு முன்னேறும்போதெல்லாம் 200 அளவு மரம் கிடைக்கும். அவர் அணியினர் கட்டும் துறைமுகங்கள் மக்கள் தங்கவும் இடம் தரும். யானைமேல் வில்லாளர் விரைந்து அம்பு தொடுப்பர். 'உறுமி' என்னும் சுருள்வாள் ஏந்திய வீரரும், 'திரிசடை' என்னும் பெரும்போர்க்கலமும் அவர்க்கே உரியன. 'ஊட்சு' எஃகு என்னும் மேம்பாடு பெற்றால் அவர் வாள் எக்கவசத்தையும் பொருட்படுத்தாது. ஆயின் குதிரைப்படையில் அவர் மிகப் பின்தங்கியவர்.

இருவகை மறுமொழி

இவ்விரிவாக்கத்தை ஆடுவோர் பெரிதும் வரவேற்றனர். ஒரு பெயருள் அடைபட்டுக் கிடந்த பெருநிலம் நான்காகப் பகுக்கப்பட்டமையும், இராசேந்திரன் கதை இடம்பெற்றமையும் பலர்க்கு உவகை தந்தன. தம் தாய்மொழியில் படைவீரன் மறுமொழி கூறக் கேட்ட தமிழ் இளைஞர் மகிழ்ந்தது இயல்பே. எனினும் குறைகூறல்களும் எழுந்தன. அவற்றை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று வலிமை பற்றியது. மற்றொன்று பெயர் பற்றியது.

வலிமை பற்றிய முறையீடே உரத்து ஒலித்தது. கூர்சரர் அளவிறந்த வலிமை உடையர் என்றும், திராவிடர் நீர்ப்பரப்பில் வலியராயினும் நிலப்பரப்பில் மெலியர் என்றும் ஆடுவோர் பலர் கூறினர். கூர்சரர் பற்றிய முறையீட்டுக்கு விரைவில் பயன் கிட்டியது. அடுத்து வந்த திருத்தங்களில் அவர்தம் சலுகைகள் குறைக்கப்பட்டன.

பெயர் பற்றிய வழக்கு வேறு வகையது. 'திராவிடர்' என்பது மொழிக்குடும்பத்தின் பெயர் அன்றோ, அதனை ஒரு மக்களின் பெயராகவும் ஒரு படையின் பெயராகவும் வைப்பது பொருந்துமோ என்று சிலர் ஐயுற்றனர். 'தமிழர்' என்றோ 'சோழர்' என்றோ வைத்திருக்கலாம் என்பது அவருட் சிலர் கருத்து. இவ்விருவகை மறுமொழிகளையும் முறையே ஆராய்வோம். பெயரை முதற்கண் கொள்வோம்.

பெயர் வழக்கு

தென்னாட்டு மொழிகள் ஓரினத்தன என்பதனை 1816இல் சென்னையில் எல்லிசு எடுத்துக் காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அவ்வினத்துக்குத் 'திராவிடம்' என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். அச்சொல் அதற்கு முன்னரே வடமொழியில் வழங்கியதேயாயினும், மொழிக்குடும்பம் முழுவதையும் சுட்டும் பொருள் அதன்பின் பரவியதே. சோழ வேந்தர் தம் தமிழ் மெய்க்கீர்த்திகளில் குலப்பெயராலும் பட்டப்பெயராலுமே தம்மைக் குறித்தனர். 'திராவிடர்' என்பது அம்மெய்க்கீர்த்திகளின் வழக்கன்று. 1944இல் திராவிடர் கழகம் தோன்றிய பின்னர் இப்பெயர் நம் நாட்டில் அரசியற் பொருளும் பெற்றது. ஆகவே பதினோராம் நூற்றாண்டுப் படைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர் வைத்தனர் என்னும் குறை மேலோட்டமாக நோக்குவார்க்கு நேரிதே எனத் தோன்றும்.

ஆயின் அதற்கு மாற்றாகச் 'சோழர்' என்று வைத்திருப்பின் வழக்குத் தீர்ந்திருக்குமோ? தீர்ந்திராது என்பதற்குப் பின்வந்த நிகழ்ச்சியே சான்று. 2025ஆம் ஆண்டு மே மாதம் இதே விளையாட்டுக்குச் சீன நாட்டு மூவரசர் காலத்தைப் பொருளாகக் கொண்ட விரிவாக்கம் வெளிவந்தது. வெய், சூ, வூ என்னும் மூன்று அரசுகள் அதில் மூன்று இனங்களாக அமைந்தன. ஆடுவோர் பலர் சினந்தனர். கி.பி. 220 முதல் 280 வரை நிலவிய மூன்று அரசுகளை மக்களினங்களோடு ஒப்ப வைப்பது முறையன்று என்றும், அவை இடைக்காலத்துக்கு முற்பட்டவை என்றும் வாதிட்டனர். அரசின் பெயரை வைத்தால் இக்குறை. மொழிக்குடும்பத்தின் பெயரை வைத்தால் அக்குறை. இவ்விளையாட்டில் 'சிலாவியர்' என்பதும் மொழிக்குடும்பத்தின் பெயரே. 2021இல் போலந்தியரும் பொகீமியரும் தனி இனங்களாகச் சேர்க்கப்படும்வரை அவர்தம் வரலாற்றுக்கும் அப்பெயரே நிழல் தந்தது. ஆதலின் 'திராவிடர்' என்ற பெயர் இவ்வாக்கத்தின் மரபுக்கு மாறானது அன்று.

இனி, அப்பெயருள் வைக்கப்பட்ட பொருள்களை நோக்குவோம். வீரர் பேசுவது தமிழ். அவர் ஏந்தும் 'உறுமி' என்பதோ மலையாள நாட்டுக் களரிப் பயிற்சியில் வழங்கும் வாளின் பெயர். தமிழ்நாட்டில் உறுமி என்றால் கோயில் விழாக்களில் முழங்கும் தோற்கருவியே நினைவுக்கு வரும். வாளை நம்மவர் சுருள்வாள் என்பர். 'ஊட்சு' என்பது 1795இல் பியர்சன் என்பார் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய கட்டுரையால் அறிஞரிடைப் பரவிய சொல். கன்னடத்து 'உக்கு' என்பதன் திரிபாக அதனைக் கொள்வர்; தமிழில் அதற்கு இனமான சொல் 'உருக்கு'. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய மூசைகளுக்குச் சான்று கிடைத்துள்ளமையால், பொருள் நம் நாட்டுக்கும் உரியதே. சொல்தான் அயலார் நாவில் திரிந்து மீண்டது.

ஆக, வாளின் பெயர் மலையாளம். எஃகின் பெயர் கன்னட வழியது. வீரன் குரல் தமிழ். இக்கலவைக்குத் 'தமிழர்' என்று பெயரிட்டிருப்பின் அதுவே பிழையாகியிருக்கும். கன்னடரும் தெலுங்கரும் தம் மொழியை அப்படையில் கேட்க இயலாமை பற்றி வருந்துவாராயின், அவ்வருத்தம் நேர்மையானதே; அது குரலின் குறையேயன்றிப் பெயரின் குறை அன்று. பெயரை மறுத்தோர் பிழையான இடத்தில் கை வைத்தனர் என்பது நம் துணிபு.

நிலமும் வலிமையும்

இனி வலிமை பற்றிய முறையீட்டுக்கு வருவோம். இங்குத் தமிழிலக்கணம் நமக்குத் தரும் அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். புறத்திணைகளையும் அவர் வெற்றாகக் கூறவில்லை. வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறனாக வகுத்தார். போரின் இயல்பு அது நிகழும் நிலத்தோடு இயைந்தது என்பது அவர் கொள்கை.

இவ்விளையாட்டின் போக்கும் அவ்வரிசையோடு ஒத்தல் வியப்புக்குரியது. தொடக்கத்தில் ஆடுவோர் மாற்றாரின் ஆடுகளைக் கண்டு கவர்ந்து செல்வர். அது வெட்சியின் சாயல். பின்னர் மாற்றார் நிலத்துட் புகுவர், அது வஞ்சி. மதில் வளைத்தல் உழிஞை. படையொடு படை எதிர்நின்று பொருதல் தும்பை. வென்றோன் வாகை சூடுவான். நிலையாமை கூறும் காஞ்சிக்கு மட்டும் அங்கு இடமில்லை. தோற்றவன் அடுத்த ஆட்டத்தில் புதிதாகப் பிறந்து விடுகின்றான்.

நிலம் பற்றிய இக்கருத்தை உளத்திற் கொண்டு 'திராவிடர் மெலியர்' என்னும் கூற்றை ஆராய்வோம். எந்நிலத்தில் மெலியர்? இவ்விளையாட்டில் போட்டியாளர் மிகுதியும் விரும்பி ஆடும் நிலப்படம் 'அரேபியா' என்பது. கடல் இல்லாத, மதிலுக்கு இயற்கை அரண் மிகுதியில்லாத, குதிரைகள் தடையின்றிப் பாயும் திறந்த வெளி அது. நெய்தற் குடியினரைப் பாலையில் நிறுத்தி வலிமை அளந்தனர் என்று கூறின் மிகையாகாது.

குதிரை பற்றிய குறைக்கு வரலாற்றிலும் வேர் உண்டு. தமிழகம் நல்ல குதிரை பிறக்கும் நிலம் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டரசர் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளைக் கடல்வழி வாங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அக்குதிரைகள் வந்தது அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து. எந்நாட்டிலிருந்து குதிரை பெற்றோமோ அந்நாட்டின் பெயர் கொண்ட நிலப்படத்திலேயே குதிரை இன்மையால் மெலியர் எனப்படுதல் எண்ணத்தக்கது.

இதனால் ஆக்கியோர் குற்றமற்றவர் என்று கூற வரவில்லை. சோழரிடத்தும் பாண்டியரிடத்தும் குதிரைப்படை இருந்தது. குதிரை இல்லாத நாடு அன்று நம் நாடு. கடல் வாணிகத்தால் குதிரை பெற்ற நாடு. துறைமுகம் கட்டினால் மக்கள் தங்க இடம் உண்டு என்று வகுத்தவர், துறைமுகத்தின் வழியே குதிரையும் பெறலாம் என்று வகுத்திருப்பின் வரலாற்றுக்கும் ஆட்டத்துக்கும் ஒருங்கே பொருந்தியிருக்கும். ஆடுவோர் கேட்டது 'எங்களுக்கு வலிமை தருக' என்பது. கேட்டிருக்க வேண்டியது 'எங்கள் வலிமை எவ்வழி வந்ததோ அவ்வழியே தருக' என்பது.

கலத்தின் பெயர்

மாணவர் வினவிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். சோழர் கடற்படை பற்றிப் பரவலாக எழுதப்படும் பட்டியல்களில் தரணி, வச்சிரா, திரிசடை என்னும் பெயர்கள் கலவகைகளாகக் காணப்படுகின்றன. ஆயின் சங்க நூல்களிற் பயிலும் பெயர்கள் கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி என்பன. கி.பி. 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் சென்ற படையெடுப்பைக் கூறும் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியும் 'கலம்' என்னும் சொல்லையே ஆளுகின்றது. அங்குத் திரிசடை இல்லை. தமிழ் கற்றார்க்குத் திரிசடை என்பாள், அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்து ஆறுதல் கூறியவளாகக் கம்பன் காட்டும் வீடணன் மகளே ஆவாள்.

ஒரு சொல்லால் என்ன கேடு என்று கேட்பின், கூறுவோம். ஆட்டத்தில் உள்ள எண்கள் நிலையற்றன. இன்று ஒரு வீரனின் விலை கூடும், நாளை குறையும். வலிமை மிகுதி என்று முறையிட்டால் குறைப்பர். மெலிவு என்று முறையிட்டால் கூட்டுவர். கூர்சரர் நிலை அவ்வாறே திருத்தப்பட்டது. பெயர்களோ அவ்வாறு மாறுவதில்லை. எண்களின் பிழையைச் சுட்ட ஆயிரம் ஆடுவோர் உளர். பெயரின் சான்றைக் கேட்க வேண்டியவர் நம் துறையினர். நாம் அக்களத்தில் இல்லை.

வேறு வழியும் உண்டு என்பதற்கு மற்றொரு விளையாட்டு சான்றாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'சிவிலைசேஷன்' வரிசையின் ஏழாம் பகுதியில் சோழர் இடம்பெற்றுள்ளனர். அதில் சோழர்க்குரிய கப்பலின் பெயர் 'கலம்'. அவர்க்குரிய கட்டடங்கள் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்பன. அவ்விரண்டும் சேர்ந்து அமையும் பகுதி ஐந்நூற்றுவர் பெயர் தாங்கியது. இவை கல்லிலும் செப்பிலும் பொறித்த பெயர்கள். மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கி.பி. 849இல் காணப்படுகின்றன. தாய்லாந்துத் தக்குவாபாவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தைக் கூறும். சுமத்திராவின் பாருசில் கி.பி. 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் கூறும். கல்வெட்டறிஞர் உழைத்துத் தொகுத்த சொற்கள் ஓர் ஆட்டத்துள் சென்று சேர்ந்தன. சேர்தல் இயலும் என்பது இதனால் விளங்கும்.

நம் கடன்

கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வருமுன், நகருள் இருந்த காலத்தில், 1898 முதல் 1911 வரை அங்குத் தமிழாசிரியராக இருந்தவர் மறைமலையடிகள். பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயின், ஒரு சொல்லை வழங்குமுன் அது யாண்டிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கத்தை நமக்குத் தந்தவர் அவர். அப்பழக்கத்தை நூலளவில் நிறுத்திக்கொண்டோம். திரைக்குச் செல்லும் சொற்களை அங்ஙனம் கேட்பார் இல்லை.

கலம், படைக்கருவி, அரண், வாணிகக் குழு, படைப்பிரிவு ஆகியவற்றுக்கு இலக்கியத்திலும் கல்வெட்டிலும் நிகண்டிலும் உள்ள பெயர்களை, இடமும் காலமும் சுட்டித் தொகுத்து, எளிதிற் கிடைக்குமாறு செய்தல் தமிழ்த்துறைகளால் இயலாததன்று. முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டு உழைத்தால் மரக்கலப் பெயர்கள் அளவிலேனும் அது கைகூடும். ஒவ்வொரு பெயர்க்கும் சான்று உண்டா, பிற்காலத்ததா, சான்றில்லையா என்று பிரித்துக் காட்டினால் போதும். விளையாட்டை ஆக்குவோர் பெரும்பாலும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். தம் கைக்கு எட்டிய பட்டியலை எடுத்துக் கொள்கின்றனர். எட்டும் இடத்தில் நல்ல பட்டியல் இல்லாமை நம் குறை.

வகுப்பில் வினவிய மாணவர்க்கு, திரிசடை வீடணன் மகள் என்றும், கடாரம் சென்றது கலம் என்றும் விடை கூறினோம். அவர் அமர்ந்தார், மீண்டும் எழுந்து, "இதனை அவர்களிடம் யார் சொல்வது, ஐயா?" என்றார். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. மரக்கலப் பெயர்களின் தொகுப்பை இவ்வாண்டு அம்மாணவரைக் கொண்டே தொடங்கியுள்ளோம்.